ஒன்றரைக் கிலோ

அம்மாவின் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில், விளக்கு வைக்கிற நேரத்தில் எடுத்தது. அந்தப் படத்தில் வீடு அப்படியே நிற்கிறது. சிவப்புச் சீமெந்துத் தரையில் கதிரை இழுபட்ட கோடுகள், சுவர்க் கலண்டரில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் இராகு காலம், யன்னல் கம்பியில் கட்டிய கயிற்றின் முடிச்சு, எல்லாம் கையால் தொட்டு எண்ணலாம் போல் இருக்கின்றன. அம்மா மட்டும் கலங்கிப்போயிருக்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பால்நிறத்தில் ஒரு புகை. நெற்றித் திருநீறு கோடாக இழுபட்டுக் காதுப் பக்கம் போய் மறைகிறது. கமராவின் கண் அரைச் செக்கன் திறந்திருந்தது. அந்த அரைச் செக்கனுக்குள் அவர் என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி குடிச்சிட்டியோ?" என்று கேட்டுவிட்டார். ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்து, பெட்டிகூடப் பிரிக்காமல், படத்தைக் கணினியில் திறந்து பார்த்த இரவு எனக்கு முதலில் வந்தது கோபம். கோபம் ட்ரைபொட்டின் மேல். பயணத்துக்கென்று தேடி வாங்கிய, சுண்டுவிரல் தடிப்புக்கால் கொண்ட, மடித்தால் தண்ணீர்ப் போத்தல் போல் பைக்குள் அடங்குகிற ஒரு ட்ரைபொட். அதைத்தான் குற்றவாளியாக்கினேன்.

ஆனால் ட்ரைபொட் ஆடியிருந்தால் வீடும் சேர்ந்து கலங்கியிருக்க வேண்டும். கலண்டர் எழுத்தை வாசிக்க முடிகிறது. அப்படியென்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. இது அன்றிரவே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் இரண்டு வருடமாக வேறு ட்ரைபொட் தேடிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமைகளில் கடை கடையாகப் போய்க் கால்களை இழுத்து நீட்டி, முறுக்கிப் பூட்டி, மறுபடி மடித்து வைத்துவிட்டு வருகிறேன். இன்னும் சின்னது, இன்னும் லேசானது, இன்னும் உறுதியானது என்று கேட்டுக்கொண்டே போகிறேன். இந்த மூன்றையும் ஒரே பொருளிடம் கேட்பதில் ஏதோ ஒரு பிழை இருக்கிறது என்பது மனதின் ஓரத்தில் முள்ளாகக் குத்துகிறது. அந்த முள் எங்கே ஏறியிருக்கிறது என்று தடவிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

லேசான ட்ரைபொட் என்ற ஆசை மலையேறுகிறவர்களிடமிருந்து வந்திருக்கலாம். முதுகில் எல்லாவற்றையும் சுமந்து நாள் முழுக்க நடக்கிறவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் முழங்காலில் தெரியும். எங்கள் பயணத்தின் கணக்கு வேறு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஊருக்குப் புறப்படுகிற எந்த வீட்டிலும் கடைசி இரவில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். சூட்கேசின் கைபிடியில் தொங்கு தராசைக் கொளுவித் தூக்குகிறோம். முள் 23 கிலோவைத் தாண்டி நடுங்குகிறது. இறக்கி, திறந்து, ஒரு சொக்லேட் பைக்கற்றை எடுத்து மற்றப் பெட்டிக்குள் வைத்து, மறுபடி தூக்குகிறோம். ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. இது சின்னம்மாவின் விற்றமின், இது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சப்பாத்து, இது கோயில் ஐயருக்குக் கொண்டுபோகிற சால்வை. அந்த முறை தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள்: "அண்ணா, அந்தக் கம்பியை அங்கையே விட்டிட்டு, அம்மாவின்ரை முழங்காலுக்குப் பூசுற கிறீம் நாலு கூடக் கொண்டாங்கோ." நான் கம்பியையும் கிறீமையும் கொண்டுபோக நினைத்தேன். அதனால் கம்பி மெலிந்தது. என் ட்ரைபொட்டின் கால் தடிப்பைத் தீர்மானித்தது அந்தத் தராசு முள்தான். எங்கே போய் அதை ஊன்றப் போகிறேன், எந்தக் காற்றில், எந்த இருட்டில் என்பதை நான் அப்போது நினைக்கவே இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பதற்கான ஒரு பொருளைப் புறப்படுகிற இடத்தின் அளவுகோலால் தெரிந்தெடுத்துவிட்டேன்.

தமிழில் இதை முக்காலி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் உட்காருகிற பலகைதான் நினைவுக்கு வரும். ஊர் ஸ்டூடியோக்காரர் ஸ்டாண்ட் என்பார், இங்குள்ள கலியாணவீட்டுப் படப்பிடிப்பாளர்கள் ட்ரைபொட் என்கிறார்கள். ஆனாலும் முக்காலி என்ற சொல்லுக்குள் இருக்கிற மூன்றை விட மனமில்லை. நாலு கால் கதிரை மேடுபள்ளத் தரையில் தாளம் போடும். ஒரு காலுக்குக் கீழே மடித்த கடதாசி வைப்போம். மூன்று காலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. எந்த மூன்று புள்ளிகள் வழியாகவும் ஒரு தளம் போகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் படிக்காமலே மூன்று கல்லை வைத்துப் பானையை ஏற்றினார்கள் எங்கள் குசினிக்காரர்கள். பனங்காணிக்குள் பொங்கல் பொங்கும்போது தரையைச் சமப்படுத்தி நான் கண்டதில்லை. அம்மாச்சி மூன்று கல்லைத் தூக்கிப் போட்டு, காலால் ஒருக்கால் அமத்திப் பார்த்து, பானையை வைத்துவிடுவார். பானை சரிந்ததில்லை. இப்போது நினைக்கும்போது இன்னொன்றும் தெரிகிறது. அந்தக் கற்கள் ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்குகிற கல். மூன்றாக இருப்பது ஆடாமல் வைத்தது. பாரமாக இருப்பது அசையாமல் வைத்தது. ஆடாமையும் அசையாமையும் ஒன்றில்லை என்பதை ட்ரைபொட் வாங்கப் போனபோதுதான் கற்றுக்கொண்டேன்.

கற்றுத் தந்தவர் ஒரு அண்ணை. ஸ்காபரோவில் முப்பது வருடமாகக் கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று எல்லாவற்றையும் எடுத்தவர். அவர் வீட்டு நிலக்கீழ் அறையில் ட்ரைபொட்கள் சுவரோடு சாய்ந்து, ஓய்வுபெற்ற வாத்தியார்மார் போல் நிற்கும். என் மெலிந்த ட்ரைபொட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதன் தலையில் கமராவைப் பூட்டி, நீண்ட லென்ஸ் ஒன்றைப் போட்டு, சுவரில் இருந்த மின்விசைப் பெட்டியின் எழுத்தைத் திரையில் பத்து மடங்கு பெருப்பித்தார். "இப்ப மேலை விரலாலை ஒருக்கால் தட்டிப் பாரும், தம்பி." தட்டினேன். திரையில் எழுத்துகள் நீருக்குள் விழுந்தது போல் நெளிந்தன. நான் மனதுக்குள் எண்ணினேன். நாலு வரைக்கும் நெளிவு அடங்கவில்லை. பிறகு தன்னுடைய ஒன்றில் அதே கமராவைப் பூட்டித் தட்டச் சொன்னார். ஒரு நடுக்கம், உடனே அமைதி. "எல்லாம் ஆடும். எவ்வளவு கெதியா அடங்குது எண்டதுதான் விசயம்," என்றார். பிறகு என் ட்ரைபொட்டின் நடுத்தண்டை, நான் உயரத்துக்காக முழுவதும் ஏற்றி வைத்திருந்ததை, கீழே இறக்கினார். மூன்று காலில் நிற்பதை ஒற்றைக் காலில் ஏற்றி வைத்திருக்கிறீர் என்றார். இறக்கித் தட்டியபோது நெளிவு பாதியாகக் குறைந்தது. கமரா என் நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிட்டது. குனிய வேண்டும். குனிவது பயண ட்ரைபொட்டின் விலையில் சேர்த்தி. அதைப் பெட்டியில் எழுதுவதில்லை.

ஏன் மெலிந்த கால் இவ்வளவு நேரம் நடுங்குகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. குழாயின் சுவர்த் தடிப்பு மாறாமல் விட்டம் மட்டும் பாதியானால், அது வளையாமல் தாங்குகிற வலு பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். பைக்குள் அடங்க வேண்டுமென்றால் காலைப் பல துண்டாக்கி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருக வேண்டும். நாலு துண்டு, ஐந்து துண்டு. ஒவ்வொரு துண்டும் மேலே உள்ளதைவிட மெல்லியது. நிலத்தைத் தொடுகிற கடைசித் துண்டுதான் எல்லாவற்றிலும் மெல்லியது. பாரம் முழுவதும் போய் இறங்குகிற இடத்தில் மிகவும் நொய்ந்த குழாய். இதைத் தீர்க்கப் பெரிய பெரிய மூளைகள் வேலை செய்திருக்கின்றன. 1994 இல் கிட்சோ நிறுவனம் கார்பன் நாரில் கால் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே உறுதிக்கு அலுமினியத்தைவிட எடை குறைவு, நடுக்கமும் விரைவில் அடங்கும். பிறகு கால்களைத் தலைகீழாக மேலே மடித்து, தலையைக் கால்களுக்கு நடுவில் ஒளித்து வைக்கிற முறை வந்தது. மன்புரோட்டோவின் பீஃப்ரீ அப்படி மடிந்து 40 செ.மீ. ஆகிறது, எடை 1.4 கிலோ. பீக் டிசைன் நிறுவனம் 2019 இல் கொண்டுவந்தது வட்டக் குழாயையே கைவிட்டு, கால்களுக்கிடையில் வீணாகிற காற்றையும் விடாமல் ஒட்டி மடிகிறது. மடித்தால் 39 செ.மீ., கார்பனில் 1.27 கிலோ, அலுமினியத்தில் 1.56. இந்த எண்களை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். கையில் தூக்கும்போது இவற்றைச் செய்தவர்களின் உழைப்புக்குத் தலை வணங்கத் தோன்றுகிறது. ஆனாலும் ஒவ்வொன்றிலும் விரலால் தட்டிப் பார்க்கும்போது ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. கடைக்காரர் எடையைத்தான் முதலில் சொல்கிறார். அடங்குகிற நேரத்தை எந்தப் பெட்டியிலும் அச்சிட்டு நான் காணவில்லை.

நிற்பதற்கு மனிதர்கள் எவ்வளவு பாரத்தைச் சுமந்தார்கள் என்பதை இந்த நகரத்தின் முதல் படங்களில் பார்க்கலாம். 1856-57 இல் ஆம்ஸ்ட்ரோங், பீர், ஹைம் என்ற மூவர் நடத்திய நிறுவனம் கிங் தெருவும் யோர்க் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த ரொசின் ஹவுஸ் ஹோட்டலின் கூரையில் கமராவை ஊன்றி, நகரத்தைச் சுற்றிவரப் படம் எடுத்தது. பதின்மூன்று படங்களை அருகருகே வைத்தால் ஒரு முழு வட்டம். கனடாவின் தலைநகராக ரொறன்ரோவைத் தெரிந்தெடுக்கும்படி லண்டனைக் கேட்க, அந்தப் படங்கள் மனுவோடு கடல் கடந்து போயின. 1857 இன் கடைசியில் விக்ரோரியா மகாராணி ஒட்டாவாவைத் தெரிந்தெடுத்தார். படங்கள் லண்டனில் ஓர் அரசு நூலகத்தில் கிடந்து, 1979 இல்தான் கண்டெடுக்கப்பட்டன. அப்போதைய முறையில் கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவ வேண்டும். கமரா, மரக்கால்கள், தட்டுகள், திராவகப் போத்தல்கள், இருட்டுக் கூடாரம் எல்லாம் கூரைக்கு ஏற வேண்டும். ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டுக்குக் கமராவைத் திருப்பும்போது கால்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கூரைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. இந்த மூவரில் ஹம்ஃப்ரி லொயிட் ஹைம், 1858 இல் ஹென்றி யூல் ஹிண்ட் தலைமையில் மேற்கே அசினிபோயின், சஸ்கச்சுவான் ஆறுகளை ஆராயப் போன குழுவோடு புகைப்படக்காரராகச் சேர்ந்து போனார். இந்த ஊரிலிருந்து ட்ரைபொட்டோடு பயணம் புறப்பட்டவர்களில் அவர் மிக மூத்தவர்களில் ஒருவர். அவர் எடுத்த புல்வெளிப் படம் ஒன்றை நான் அடிக்கடி பார்ப்பேன். மரமில்லை, வீடில்லை, அடிவானம் ஒரு நேர்கோடு. முன்னால் நிலத்தில் ஒரு மனித மண்டையோடும் ஓர் எலும்பும். அவ்வளவு பாரத்தையும் அவ்வளவு தூரம் கொண்டுபோனவர் கடைசியில் ஒன்றுமில்லாத ஒரு வெளிக்கு முன்னால் கால்களை விரித்து நின்றிருக்கிறார். பாரமானதைச் சுமந்தவனுக்கு, கண்டதையெல்லாம் எடுக்க முடியாது. எங்கே இறக்கி வைப்பது என்று யோசித்தே ஆக வேண்டும்.

அதே 1858 இல், பூமியின் மறுபக்கத்தில், லினியஸ் ட்ரைப் என்ற இராணுவக் கப்டன் தஞ்சைப் பெரிய கோயிலில் கமராவை ஊன்றிக்கொண்டிருந்தார். சென்னை மாகாண அரசு அவரைப் புகைப்படக்காரராக நியமித்திருந்தது. மாட்டு வண்டிகளில் சாமான் ஏற்றி ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போனவர். கண்ணாடிக்குப் பதில் பெரும்பாலும் மெழுகு தோய்த்த தாளைப் பயன்படுத்தினார். அது அவர் காலத்து லேசு. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டை, துண்டு துண்டாக நகர்ந்து நகர்ந்து எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறக்குறைய பத்தொன்பது அடி நீளமான ஒரே படமாக்கினார். இராசராசன் வெட்டுவித்த எழுத்து எங்கே முறிந்து அடுத்த தாளுக்குப் போகிறது என்று தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் கமராவைத் தூக்கி, அளந்து, அதே உயரத்தில், அதே தூரத்தில் மறுபடி ஊன்றியிருக்க வேண்டும். இருபத்தொரு தடவை. அந்த மண்ணில் அந்தக் கால்கள் பதிந்த மூன்று மூன்று குழிகளை நான் கற்பனை செய்து பார்ப்பேன்.

நான் தஞ்சாவூர் போனபோது என் மெலிந்த ட்ரைபொட்டும் கூட வந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் கையில் பிடித்துப் படமெடுக்கலாம், ட்ரைபொட்டுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சின்னதாக இருக்கிறதே என்று ஒரு நம்பிக்கை. வாசலில் நின்றவர் மரியாதையாகச் சொன்னார்: "சார், ஸ்டாண்டு உள்ள கொண்டு போகக் கூடாது, வெளியில வச்சிட்டுப் போங்க." அவர் சொன்னது சரி. அந்தக் கல்லுக்கு ஆயிரம் வயது, ஆளாளுக்கு மூன்று இரும்பு முனையை ஊன்றினால் என்ன ஆகும்? செருப்போடு சேர்த்து அதையும் விட்டுவிட்டு உள்ளே போனேன். மாலை வெயில் போய், கல் இன்னும் சூடு விடாத நேரம். கல்வெட்டுக்கு முன்னால் நின்று, தோளை எதிரே இருந்த ஒரு தூணில் சாய்த்து, முழங்கையை விலாவில் அழுத்தி, மூச்சை அரைவாசி விட்டு நிறுத்திப் படம் எடுத்தேன். இரண்டு காலும் ஒரு தோளுமாக நானே மூன்று காலானேன். தூணின் சூடு சட்டையைத் தாண்டித் தோளில் ஏறியது. அப்போது என்னைத் தாங்கியது ஒன்றரைக் கிலோ இல்லை, எத்தனையோ தொன். படம் நல்லாக வந்தது. அந்த மாலையில் எனக்குத் தோன்றியதை இப்போதும் முழுதாக நம்புகிறேனா என்று தெரியவில்லை: போகிற இடத்தில் சாய ஒன்று இருக்குமென்றால் சுமந்து போகத் தேவையில்லை. ஊரில் சாய ஒரு சுவர் இருந்தது. ரொறன்ரோவில் சாய்வதற்கு எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் வருவதில்லை.

சென்ற மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை ஸ்காபரோ ப்ளஃப்ஸுக்குக் கீழே, ஏரிக்கரையில் ட்ரைபொட்டை ஊன்றினேன். பதினைந்து கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடுகிற மண்மேடு அது. சில இடங்களில் தொண்ணூறு மீற்றர் உயரம். 1793 இல் இங்கு வந்த எலிசபெத் சிம்கோ என்ற பெண்மணி, இங்கிலாந்தின் ஸ்காபரோவில் உள்ள பாறைகளை நினைத்து அந்தப் பெயரை வைத்தார். அவரும் கொண்டுவந்த ஒன்றைத்தான் இங்கே ஊன்றினார். பெயர் நின்றுவிட்டது. மேடு நிற்கவில்லை, மழையும் அலையும் ஒவ்வொரு வருடமும் அதைத் தின்கின்றன. அன்று குளிர் சுழியத்துக்குப் பதினான்கு பாகை கீழே. கையுறையைக் கழற்றி அலுமினியக் காலைப் பிடித்தபோது விரல் தோல் ஒட்டிக்கொண்டது போல் சுட்டது. கார்பன் வாங்குகிறவர்கள் எடைக்காக வாங்குவதாகச் சொல்வார்கள். குளிர்நாட்டில் அதற்கு இன்னொரு காரணம் உண்டு, அது கைச் சூட்டை இவ்வளவு அவசரமாக உறிஞ்சுவதில்லை. பூட்டுகளுக்குள் போன பழைய மணல் உறைந்து, முறுக்கினால் பற்களுக்கிடையில் கல் அகப்பட்டது போல் நறுக்கென்றது. நேரே நின்றது என்று பார்த்து இரண்டு நிமிடப் படத்துக்குத் திறந்தேன். ஒவ்வொரு அலையும் வந்து திரும்பும்போது காலடி மணலில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போனது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ட்ரைபொட் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பார்த்தபோது ஏரி பனிப்புகை போல் மென்மையாக இருந்தது, தூரத்துக் கற்கள் மட்டும் இரட்டையாக இருந்தன. அண்ணையிடம் காட்டினேன். ஈர மணலில் கால்களை ஒவ்வொன்றாக அழுத்தி, இனிப் போகாது என்ற மட்டும் இறக்கிப்போட்டுத்தான் கமராவைப் பூட்ட வேண்டும் என்றார். நடுத்தண்டில் பையைக் கொளுவினால் பாரம் கூடும், ஆனால் பை காற்றில் ஊஞ்சலாடினால் இருந்ததும் போய்விடும், பை நிலத்தை மெல்லத் தொட வேண்டும் என்றார். அவர் சொன்னதில் முக்கால்வாசி, லேசானதைப் பாரமாக்குகிற வித்தை. லேசு என்று காசு கொடுத்து வாங்கி, போன இடத்தில் கல்லும் பையும் கட்டிப் பாரமாக்குகிறோம். எங்கேயோ ஒரு பாரம் வந்தே ஆக வேண்டும் போலிருக்கிறது. அதைச் சுமந்து போவதா, போன இடத்தில் தேடுவதா என்பதுதான் கேள்வி.

மகளிடம் அம்மாவின் படத்தைக் காட்டியபோது அவள் வேறொன்று சொன்னாள். "அப்பா, ஃபோனில எடுத்திருக்கலாமே. அப்பம்மாவின்ர முகம் வந்திருக்கும்." அவள் சொன்னதும் சரி. இப்போதைய ஃபோன்கள் இருட்டில் ஒரே படம் எடுப்பதில்லை. வேகமாகப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைக் கணித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, கலங்கியதை ஒதுக்கித் தெளிந்ததைச் சேர்க்கின்றன. அம்மா திரும்புவதற்கு முந்தைய கணம் ஒன்றிலிருந்து அவருடைய முகம் கிடைத்திருக்கும். மகள் சொன்னதைக் கேட்டதிலிருந்து என்னால் ட்ரைபொட்டை முன்போல் பார்க்க முடியவில்லை. ஒரு கருவி வழக்கொழிந்து போகிறதா என்ற கவலை எனக்கில்லை. மண்ணெண்ணெய் விளக்கு வழக்கொழிந்தது, இரவு பகலானது, நல்லதுதான். எனக்கு வந்த யோசனை வேறு. ட்ரைபொட்டை விரிக்கிற அந்த மூன்று நான்கு நிமிடத்தில் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காலாக இழுத்தேன், முறுக்கினேன், நீர்மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். "என்ன மேனை, நிலம் அளக்கிறியோ?" என்று கேட்டார். அதற்கு நான் சிரித்தேன், அவர் சிரித்தார். அவ்வளவு நேரம் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை என்று அமர்ந்திருந்தார். வேறு எந்த வேலைக்காகவும் அவர் அன்று அவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்து நான் காணவில்லை. ஃபோனை நீட்டியிருந்தால் ஒரு செக்கனில் முடிந்திருக்கும். முகம் கிடைத்திருக்கும், அந்த நாலு நிமிடம் இருந்திருக்காது. எது வேண்டும் என்று என்னை யாராவது கேட்டால், முகம் என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது.

அதே பயணத்தில் கிறீமோடு இன்னொன்றும் கொண்டுபோயிருந்தேன். இங்கே மருந்துக்கடையில் வாங்கிய மடிக்கிற கைத்தடி. அலுமினியம், நாலு துண்டு, உள்ளே இழுவை நூல், கைப்பைக்குள் அடங்கும். ட்ரைபொட் செய்கிறவர்களின் சிந்தனையேதான். அம்மா அதை வாங்கி, விரித்து, நிலத்தில் ஊன்றி ஒருக்கால் அமத்திப் பார்த்தார். அம்மாச்சி அடுப்புக் கல்லை அமத்திப் பார்த்தது போல. பிறகு மடித்து என் கையில் தந்தார். "இது காத்து மாதிரிக் கிடக்கு மேனை. இதிலை என்ரை பாரத்தை எப்பிடிப் போடுறது?" அவர் ஊன்றுவது ஐயாவின் கருங்காலிப் பொல்லு. தண்ணீரில் போட்டால் தாழுகிற மரம் அது. அதைத் தூக்கி வைப்பதே அவருக்குச் சிரமம் என்று நாங்கள் பிள்ளைகள் நினைத்தோம். அவருக்கோ, அது போய் நிலத்தில் படுகிற சத்தம் வேண்டும், கை அதை உணர வேண்டும். மடிக்கிற தடி திரும்ப என்னோடு விமானம் ஏறி வந்து, என் அலுமாரியில், மெலிந்த ட்ரைபொட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த மார்கழியில் போகிறேன். அண்ணை தன் சுவரோடு நின்றவற்றில் ஒன்றைத் தந்திருக்கிறார். மூன்று துண்டுக் கால், இரண்டு கிலோவுக்கு மேல், நடுத்தண்டைக் கழற்றி எறிந்துவிட்டார். விமானத்துக்குள் கொண்டுபோகிற பெட்டி 55 செ.மீ. நீளம். மூலைவிட்டமாகச் சரித்து வைத்தால்தான் உள்ளே கிடக்கிறது. தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை. கிறீமும் பட்டியலில் இருக்கிறது, எதை எடுக்கிறது என்று பெட்டி கட்டுகிற இரவில் பார்க்க வேண்டும்.

1838 இல் டகேர் என்ற ஆரம்பகாலப் புகைப்படக்காரர் பாரிஸில் தன் யன்னலிலிருந்து ஒரு தெருவை எடுத்தார். நிமிடக்கணக்கில் திறந்திருந்த கமராவுக்கு வண்டிகளும் குதிரைகளும் சனங்களும் தெரியவில்லை, தெரு வெறிச்சென்று கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒருவர் நிற்கிறார். சப்பாத்துத் துடைக்கிறவரிடம் ஒரு காலை ஊன்றிக் கொடுத்தபடி நின்றதால் அவர் பதிந்தார். படத்தில் அகப்பட்ட முதல் மனிதர் என்று சொல்வார்கள். அந்தப் படத்தைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், அவளுக்குக் காட்டவென்று அம்மாவின் படத்தை மறுபடி திறந்து, பார்த்துப் பார்த்துச் சலித்த முகப் பகுதியை விட்டுக் கீழே இறக்கினேன். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அங்கே போகவில்லை. மடியில், கருங்காலிப் பொல்லின் பிடியில், அம்மாவின் வலது கை. அவர் திரும்பியபோது பாரத்தை அந்தக் கையில்தான் போட்டிருக்கிறார். அது அசையவில்லை. நாலு விரலும் பிடியைச் சுற்றிக் கிடக்கின்றன. நகத்தில் மஞ்சள் கறை, புறங்கையில் ஓடுகிற நரம்பு, மணிக்கட்டில் காப்பு அமத்திய தடம். கலண்டர் எழுத்தைப் போலவே ஒவ்வொன்றும் தெரிகிறது.